அத்தானின் மயிலும் அக்காவின் நிரையும்

மலேசியாவின் ஈப்போவில் போர்வை தேவைப்படும் நாட்கள் குறைவு. இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ஒன்று எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம். மூன்றாம் நாள் வெயில் வந்து அதைக் கொடியில் போட வைத்துவிடும். இருந்தும் என் அக்கா போர்வை தைத்தாள்.

காரணம் குளிர் இல்லை, துணி. அவள் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை வாரக் கடைசியில் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். சும்மா கிடைக்கும் துணியைச் சும்மா விட அக்காவால் முடியாது. உள்ளங்கை அளவுச் சதுரங்களாக வெட்டுவாள். சதுரங்களைச் சேர்த்து நீள நீளமான பட்டைகளாக்குவாள். பட்டைகளைச் சேர்த்து மேல்துணியாக்கி, அடியில் பழைய சேலையும் நடுவில் ஒரு பழைய கம்பளியும் கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டிவிடுவாள். வீட்டில் இருந்தது அக்கா, அக்காவின் கணவர், நான் என மூன்று பேர். போர்வைகள் எங்களைவிட அதிகம். அலமாரியைத் திறந்தால் மேலே ஒன்று விழும்.

எண்பதுகளின் பின்பாதி அது. நான் ஒரு தமிழ் நாளிதழின் ஈப்போ கிளையில் செய்தியாளர், மெய்ப்புப் பார்ப்பவள், ஆள் இல்லாத நாளில் விளம்பரம் வாங்குபவள். அத்தான் ஒரு லோரி கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஈயத்தின் விலை விழுந்து சுற்று வட்டாரத்துச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்தன. அப்படி மூடிய ஓர் அலுவலகம் தன் சாமான்களை விற்றபோது, மற்றவர்கள் மேசையும் மின்விசிறியும் வாங்கி வந்தார்கள். அத்தான் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வாங்கி வந்தார்.

அதை வைக்க வீட்டில் ஓர் இடம்தான் பொருத்தமாக இருந்ததாக அவர் சொன்னார்: முன்னறையின் சன்னலோரம். அங்கேதான் அக்காவின் தையல் மெஷின் இருந்தது. அது சமையலறைக்குப் பக்கத்து அறைக்குப் போனது. அந்த அறையில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும்.

"பச்சையா எரியற ஒரு டிவிக்கு எதுக்கு வெளிச்சம்? அதுவே வெளிச்சம்தானே" என்றாள் அக்கா.

"காத்து வேணும்லா. சூடாயிடும்."

"எனக்கும்தான் சூடாகுது."

அத்தானுக்கு இது புரியாமல் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் வீட்டுக்கு உழைக்கும் என்று காட்ட அவர் அவசரப்பட்டார். முதலில் மளிகைப் பட்டியல் அடித்துக் கொடுத்தார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் என்று அவள் இருபது வருஷமாக மனத்தில் வைத்திருந்த பட்டியல்தான், ஆங்கில எழுத்தில். அடுத்து ஒரு நாட்காட்டி வந்தது. சீனர் கடையில் வாங்கிய நாட்காட்டி அதே சுவரில் தொங்கியது. அதில் விடுமுறைகள் சிவப்பில் இருந்தன, இதில் இல்லை. மூன்றாவதாக, நட்சத்திரக் குறிகளாலேயே ஆன அவருடைய பெயர், ஒரு கை நீளத்துக்கு. அதைப் பாராட்டியவர் அவர் மட்டும்தான்.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அக்கா தீர்ப்புச் சொன்னாள். "இந்த வீட்டுக்கு உருப்படியா ஒரு வேலை செஞ்சு காட்டட்டும். அப்ப சன்னலோரம் இருக்கட்டும். இல்லாட்டி அது ஸ்டோர் ரூமுக்குப் போகும், என் மெஷின் திரும்பி வரும். எப்பவரைக்கும்னா, ஒங்க மருமக கல்யாணம் வரைக்கும்."

மருமகள் என்றால் அத்தானின் தங்கை மகள். கல்யாணம் சுங்கை சிப்புட்டில், மூன்று மாதத்தில். தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டியவர் அத்தான். மாப்பிள்ளை கேமரன் மலையில் காய்கறித் தோட்டத்தில் வேலை. அங்கே போர்வை வருஷம் முழுவதும் வேண்டும்.

அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார். "போர்வை! சீரோட ஒரு போர்வை. டிசைன் கம்ப்யூட்டர் போடும், நீ தைப்பே."

"எனக்கு டிசைன் போடத் தெரியாதா?"

"தெரியும். ஒனக்குத் தெரிஞ்சது கட்டம். நான் படம் போடறேன்."

அவர் கண்டுபிடித்த முறை இது. கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் படம் வரைவார். ஒவ்வொரு கட்டமும் ஒரு துணிச் சதுரம். அதைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டருக்குள் தட்டுவார். தாமே எழுதிய ஒரு புரோகிராம் அதை வரிசை வரிசையாகக் கணக்கெடுத்து அச்சடிக்கும். ஆங்கில எழுத்தில் எம் என்றால் மஞ்சள், பி என்றால் பச்சை, என் என்றால் நீலம். ஒரு வரியில் "எம் 4, பி 2, என் 7" என்று இருந்தால் நாலு மஞ்சள், ரெண்டு பச்சை, ஏழு நீலம் சேர்த்து ஒரு பட்டை. அடுத்த வரி அடுத்த பட்டை. திரையில் எல்லா நிறமும் பச்சைதான் என்பதால், நிறம் சரியா என்பது அத்தானின் நம்பிக்கையைப் பொறுத்தது.

வெள்ளோட்டமாக ஒரு கோலம் போட்டார். நடுவில் ஒரு பூ, சுற்றிலும் வைரம் வைரமாக விரிவது. அவர் தட்டினார், பிரிண்டர் கத்தியது, ஓரத்தில் ஓட்டை போட்ட தாள் மடிப்பு மடிப்பாக வந்து தரையில் விழுந்தது. அக்கா பிரிண்டர் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வீட்டில் அதற்கு முன் அவள் அதன் அருகே போய் நான் பார்த்ததில்லை. பிறகு தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு வாரத்தில் கோலம் வந்தது. ஒரு சதுரம் பிசகவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அக்கா வேலியருகே நின்று பார்த்து "வாஹ், பாகூஸ்லா!" என்று மலாயில் மெச்சினார். அத்தான் அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

இதில் கெட்டுப்போனது அத்தானின் அடக்கம். லோரி டிரைவர்கள், தங்கை வீடு, முடிதிருத்தும் கடை என எல்லா இடத்திலும் சொன்னார். சீருக்குக் கம்ப்யூட்டர் போர்வை வருகிறது, மலேசியாவிலேயே இதுதான் முதல். இரண்டாவது பாதிக்கு அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. என் பத்திரிகை ஆசிரியராக இருந்தால் அந்தப் பாதியை அடித்து நீக்கியிருப்பார்.

"என்ன படம்?" என்று நான் கேட்டேன்.

"பத்திரிகைக்காரிகிட்ட சொல்லுவேனா? ஒங்க அக்காகிட்டயே சொல்லல. என்ன படம்னு தெரியாமலே அவ தைக்கணும், படம் தானா வரணும். அதுதான்லா கம்ப்யூட்டர்."

"அப்ப நான் என்ன, மெஷினுக்கு மெஷினா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "சரி. ஆனா ஒன்னு. நான் ஒங்க மெஷின் பக்கம் வரல. நீங்களும் என் மெஷின் பக்கம் வராதீங்க."

இந்த ஒப்பந்தத்தை இருவரும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். அத்தான் முன்னறையில் தட்டினார், அக்கா பின்னறையில் ஓட்டினாள். நடுவில் இருந்தவள் நான். இரண்டு பக்கமும் தேநீர் கொண்டு போனேன், எந்தப் பக்கத்துச் செய்தியும் எனக்குக் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்வை முடிந்தது. அடித்துணி, கம்பளி, மேல்துணி மூன்றும் சேர்த்து இரட்டைத் தையல் ஓட்டி, சுற்றிலும் சிவப்புப் பட்டி வைத்து முடித்திருந்தாள். சனிக்கிழமை பிற்பகல், நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு முன்னறைத் தரையில் அதை விரித்தாள். அத்தான் முழுப்படமும் தெரியட்டும் என்று ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

ஏறியவர் இறங்கவில்லை.

"என்ன படம்?" என்றாள் அக்கா.

"நீ என்ன தைச்சே?"

"நீங்க அடிச்சுக் குடுத்தத."

கீழே இருந்தது என்ன என்று சொல்வது என் தொழிலுக்குச் சவால். நடுவில் நீலமாக ஓர் உடல். அதன் இரண்டு பக்கமும் கழுத்து மாதிரி ஒன்று, ஆனால் கோடு கோடாக, ஒரு பட்டையில் இருப்பதும் அடுத்த பட்டையில் இல்லாததுமாக. இரண்டு பக்கமும் விசிறி மாதிரி ஏதோ பச்சையும் மஞ்சளும். சீன அக்கா கதவருகே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, "கெத்தாமா?" என்றார். நண்டா என்று கேட்கிறார்.

"மயிலு" என்றார் அத்தான் நாற்காலியிலிருந்து. குரல் கீழே வரவே நேரமாயிற்று. "தலை இந்தப் பக்கம். தோகை அந்தப் பக்கம். ஒரே ஒரு மயிலு."

"இது மயிலா?" அக்கா குனிந்து பார்த்தாள். "நடுவுல கோடு கோடா வந்துச்சு. கம்ப்யூட்டர்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

பிரிக்கலாமா என்று நான் கேட்டேன். மூன்று துணியையும் சேர்த்து ஓடிய இரட்டைத் தையலை அவள் ஒரு தடவை தடவிக் காட்டினாள். பிரித்தால் துணிதான் மிஞ்சும், போர்வை மிஞ்சாது.

அதன் பிறகு சில நாட்கள் அத்தான் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். புரோகிராமை வரி வரியாகப் படித்தார். திரையில் மயில் ஒழுங்காக நின்றது. அச்சடித்தால் பட்டியலும் ஒழுங்காக வந்தது. தப்பு எப்படி வந்தது என்று தெரியாத மனிதரின் முகம் எனக்குப் பழக்கம். அச்சான பிறகு தலைப்பில் பிழையைப் பார்க்கும் ஆசிரியர்களுக்கு அது உண்டு. ஆனால் அவர்களுக்காவது பிழை கண்ணுக்குத் தெரியும்.

அக்கா ஸ்டோர் ரூமைக் கூட்டி, சாக்குகளை ஒரு மூலைக்குத் தள்ளி, நடுவில் இடம் பண்ணி வைத்தாள். அத்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சைப் பார்ப்பார். இதைச் செய்துவிட்டால் யார் பிழை என்று தெரிந்துவிடும் என்று நான் அக்காவிடம் சொன்னேன். அவள் தன் பட்டியலை எடுத்து வந்தாள். நான் தரையில் போர்வையருகே உட்கார்ந்தேன். அத்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். ஆனால் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"படி அக்கா."

அக்கா முதல் வரியில் விரல் வைத்துப் படித்தாள். நான் இடது ஓரத்திலிருந்து சதுரங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். சரியாக இருந்தது. இரண்டாம் வரியைப் படித்தாள். அதுவும் சரி. மூன்றாம் வரியும் சரி. தைத்தது எல்லாம் பட்டியலோடு ஒத்துப்போகிறது, பட்டியல் மயிலோடு ஒத்துப்போகிறது, போர்வை மட்டும் நண்டு. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் அவள் விரலைக் கவனித்தேன். மூன்றாம் வரியின் வலது கோடியில் இருந்த விரல், அப்படியே ஒரு வரி கீழே இறங்கி, அங்கிருந்தே இடப்பக்கமாக நகர ஆரம்பித்தது.

"அக்கா, நாலாவது வரியை எந்தப் பக்கத்துல இருந்து படிக்கிறே?"

"இந்தப் பக்கத்துல இருந்துதான்."

"ஏன்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் தோட்டத்தை மறந்துவிட்டேனா என்ற சந்தேகம் இருந்தது. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி மரங்களை வெட்டிச் சாய்க்கும் வரை அக்கா அங்கே பால்மரம் சீவினாள், அதாவது ரப்பர் பால் வடிய மரப்பட்டையைக் கீறினாள். மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். வரிசைக்கு நிரை என்று பெயர். ஒரு நிரையைச் சீவிக்கொண்டே கோடி வரை போனால், அடுத்த நிரையை அந்தக் கோடியிலிருந்தே சீவிக்கொண்டு திரும்ப வேண்டும்.

"நிரை முடிஞ்ச எடத்துல இருந்துதானே அடுத்த நிரை?" என்றாள். "வெறுங்கையோட முன்னுக்கு நடந்து வந்து மறுபடி தொடங்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

அத்தான் நாற்காலியோடு திரும்பினார். அவர் ஈப்போ ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். ரப்பர் மரம் பஸ் சன்னல் வழியாகத்தான் அவருக்குப் பழக்கம்.

"எழுத்தை யாராச்சும் அப்படிப் படிப்பாங்களா?"

"இது எழுத்தா? கதையா, பேப்பரா? நாலு மஞ்சள், ரெண்டு பச்சை. வரிசைதானே?"

"அப்ப கோலம் எப்படிச் சரியா வந்துச்சு?"

இதற்கு நான் பதில் சொன்னேன். கோலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. எந்தக் கோடியிலிருந்து படித்தாலும் அதேதான் வரும். மயிலுக்குத் தலை ஒரு பக்கம், தோகை ஒரு பக்கம். ஒன்றுவிட்டு ஒரு பட்டையில் தலை தோகைப் பக்கம் போய்விட்டது.

அத்தானுக்கு உயிர் வந்தது. எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா! மெஷின் மேல தப்பு இல்ல. சரி, திரும்பி வந்து படிச்சே. தைக்கும்போதும் திரும்பி வந்து தைச்சிருந்தா சரியாயிருக்கும்லா. அதை ஏன் செய்யல?"

"தையல் மெஷின் ரிவர்ஸ்லயா ஓடும்? பட்டைக்குத் தலைப்பு ஒரு பக்கம்தான். பின் குத்தி வச்சு அங்கிருந்துதான் தொடங்கணும்."

"அப்ப படிக்கறதையும் ஒரு பக்கத்துல இருந்து படிக்க வேண்டியதுதானே!"

அக்கா பட்டியலைத் தரையில் வைத்தாள். மெதுவாக எழுந்து, பிரிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இத அடிக்க விடுங்க."

"எதுக்கு?"

"விடுங்களேன்."

அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். பிரிண்டர் கத்தத் தொடங்கியது. அதன் தலை இடமிருந்து வலமாக ஒரு வரியை அடித்துக்கொண்டே போனது. தாள் ஒரு வரி நகர்ந்தது. தலை அங்கிருந்தே, வலமிருந்து இடமாக, அடுத்த வரியை அடித்துக்கொண்டே திரும்பியது.

"அன்னைக்கே பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றாள் அக்கா. "போறப்பயும் அடிக்குது, வாறப்பயும் அடிக்குது. அது எப்படி அடிச்சுச்சோ அப்படித்தான் நான் படிச்சேன். இப்ப சொல்லுங்க, யாரு மேல தப்பு?"

அத்தான் பிரிண்டர் பக்கம் குனிந்தார். பிரிண்டர் தலை போனது, வந்தது. அவருடைய கண்களும் அதோடு போய் வந்தன. இத்தனை மாதத்தில் அது அப்படி ஓடுவதை அவர் கவனித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

தப்பு யார் மேல் என்பது முடிவாகாமலே கல்யாண நாள் வந்தது. ஸ்டோர் ரூமில் இடம் தயாராகவே இருந்தது.

சீர்த் தட்டில் போர்வையைச் சிவப்புப் பட்டி மட்டும் தெரியும்படி மடித்து, மேலே பழங்களை வைத்து மூடியிருந்தோம். பழம் வைத்தது என் யோசனை. ஆனால் மாதக் கணக்கில் அத்தான் செய்த விளம்பரத்தை இரண்டு சீப்பு வாழைப்பழம் மறைக்குமா? கோயில் மண்டபத்தில் சீர் இறங்கியதும் மாப்பிள்ளையின் பெரியம்மா போர்வைக்கு மலாய் வார்த்தை போட்டுக் கேட்டார்: "கம்ப்யூட்டர் செலிமுட்டாமே, எங்கே?" லோரி டிரைவர்கள் இரண்டு பேர் எழுந்தே வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தார்கள்.

அத்தான் கையில் தட்டு இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அக்கா அவர் பக்கத்தில் நின்றாள்.

"என்னாண்ணே இது, எரோப்ளேனா?" என்றார் ஒரு டிரைவர்.

"போடா. பட்டாம்பூச்சி" என்றார் இன்னொருவர்.

பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் வந்தார், பின்னால் போனார். "ரெண்டு மயிலுடா! இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. ஒன்னுக்குள்ள ஒன்னு நிக்குது பாரு."

"சண்டை போடுதா?"

"கல்யாணச் சீருலயா சண்டை போடும்?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. தூரப் போய்ப் பார்த்தவர்களுக்கு இரண்டு மயில்கள் தெரிந்தன. கிட்டே நின்றவர்களுக்குக் கோடுதான் தெரிந்தது, ஆனால் அவர்களும் மயில் என்றே சொன்னார்கள்.

"ஏன் தம்பி, இதையெல்லாம் கம்ப்யூட்டரே யோசிக்குமா?" என்று பெரியம்மா அத்தானிடம் கேட்டார்.

நான் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் உண்மை இருந்தது. புரோகிராம் சரி, பட்டியல் சரி, ஒரு மயில் இரண்டானதற்குப் படித்தவர்தான் காரணம். சொல்ல இதைவிடப் பெரிய கூட்டம் கிடைக்காது. சொல்லியிருந்தால் கம்ப்யூட்டர் சபை நடுவில் குற்றமற்றதென்று ஆகியிருக்கும்.

"கம்ப்யூட்டர் ஒரு மயிலுதான் போட்டுச்சுங்க" என்றார். "ஜோடி சேத்தது இவதான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சேலை முந்தானையைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் காரை அத்தான் ஓட்டினார். ஈப்போ வந்து சிக்னலில் நின்றபோது அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிரிண்டரு இருக்கட்டும்."

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பினார். "எங்கே?"

"சன்னலோரம்தான். வேலை தெரிஞ்ச மெஷின். வெறுங்கையோட திரும்பி வரல. அந்த டிவி மாதிரி இருக்கே, அது ஸ்டோர் ரூமுக்குப் போகட்டும்."

"ஐயோ, அது இல்லாட்டி இது ஓடாதும்மா."

பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. பச்சை விழுந்திருந்தது.

"அப்படியா?" என்றாள். கார் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் மீதியைச் சொன்னாள். "சரி, கூட இருந்துட்டுப் போகட்டும். ஆனா சன்னல்ல பாதி எனக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின் முன்னறைக்குத் திரும்பியது. இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில், சன்னல் கதவைத் திறக்க யாராவது ஒருவர் எழுந்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அத்தான் எழுந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் தொலைபேசியில் என்னால் செய்தி வாங்க முடியாது. என்னைப் பற்றி அந்த ஏற்பாட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் அத்தான் புதிய பட்டியல் ஒன்று அடித்துக் கொடுத்தார். இந்த முறை என்ன படம் என்பதையும் முதலிலேயே சொன்னார்: வாத்து, தலை இடப்பக்கம். ஒன்றுவிட்டு ஒரு வரியைப் புரோகிராம் வலமிருந்து இடமாகத் திருப்பி அடித்திருந்தது. அந்த வரிகளின் வலது கோடியில், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்ட இடப்பக்கம் பார்த்த ஓர் அம்புக்குறி இருந்தது. அக்கா தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலை முதல் வரியில் கோடி வரை ஓட்டி, கீழே இறக்கி, திரும்பி வந்தாள்.

"இப்பதான் இதுக்கு நிரை புடிக்கத் தெரிஞ்சிருக்கு" என்று என்னிடம் சொன்னாள். அத்தானுக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.